நேற்றைய முள்

காலை ஆறு மணிக்கு இரண்டு தட்டு. டக், டக். அவ்வளவுதான். விரலை மடக்கி முட்டியால் கண்ணாடியில் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி. எய்னார் நோர்பி இருபத்தொரு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறார். அந்த வீட்டில் அலாரம் கடிகாரமே கிடையாது. எதற்கு வேண்டும்?

எழுந்து காலில் செருப்பை நுழைத்துக்கொண்டு நடைக்கு வருவார். வெள்ளைச் சுவரில் ஒரு வெள்ளை வட்டத் தட்டு தொங்கும். அது ஒரு பாரோமீட்டர், காற்றின் அழுத்தத்தை அளந்து வானிலை சொல்லும் கருவி. 1961இல் இவரே வரைந்தது. அதற்கு முன்னால் இந்த நாட்டில் பாரோமீட்டர் என்றால் செதுக்கிய மரமும், பித்தளை விளிம்பும், வளைத்து வளைத்து எழுதிய 'புயல்', 'மழை', 'மாறும்', 'தெளிவு' என்ற வார்த்தைகளுமாக ஒரு சின்னத் தேவாலயமே சுவரில் தொங்கும். இவர் அத்தனையையும் துடைத்து எறிந்தார். எழுத்து இல்லை, எண் இல்லை. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடுகள், உச்சியில் மட்டும் ஒரு கோடு கொஞ்சம் நீளம். நடுவில் இரண்டு கறுப்பு முள்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே மெலிவு.

ஒன்று காற்றின் அழுத்தத்துக்குத் தக்கபடி தானே நகரும். அது இன்றைய முள். மற்றொன்றை நாம் திருகி வைக்க வேண்டும். அது நேற்றைய முள். காலையில் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டி, இரண்டு முள்ளுக்கும் நடுவே எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நேற்றைய முள்ளைத் திருகி இன்றைய முள்ளின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் இங்கே ஆட்கள் காபிக்கே உட்காருவார்கள். பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம்.

எய்னார் படுக்கப் போகும் முன் இரண்டு முள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்துவிட்டுத்தான் போவார். காலையில் வந்து பார்த்தால் நேற்றைய முள் தனியாகப் பிரிந்து, உச்சிக் கோட்டுக்கு வலப்பக்கம் இரண்டாவது கோட்டில் நிற்கும். வெயிலோ, பனியோ, மழையோ, எந்த நாளானாலும் அதே இரண்டாவது கோடு. கையால் திருகினால் ஒழிய அசையாத முள் அது. செய்தவருக்குத் தெரியாதா? நான்கு தடவை பிரித்துப் பார்த்தாயிற்று. ஒரு தடவை நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். தட்டும் சத்தம் நிலவறையிலிருந்து வந்தது. அது இன்னும் மோசம். மறுநாளே எடுத்து வந்து பழைய ஆணியில் மாட்டிவிட்டார்.

மனைவி எல்லன் ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள். "உன்கூட இருந்துடலாம் எய்னார். நடையில நிக்கிற ஆளுகூட என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் தப்பே இல்லை.

நடையில் நிற்கும் ஆள் யாரென்று எய்னாருக்குத் தெரியும். தம்பி கிரெஸ்டன். எதற்கு வருகிறான் என்றும் தெரியும். கிரெஸ்டனின் மனைவி டோர்த்தியாவிடம் இவர் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லாமல் இருபத்தொரு வருஷம் ஓட்டிவிட்டார். கிறிஸ்மஸுக்கு ஒரு கார்டு, ஈஸ்டருக்கு ஒரு கார்டு. கார்டில் அதை எழுதிவிட முடியுமா என்ன?

1983 அக்டோபரில், அந்த பாரோமீட்டரைச் செய்து விற்ற தொழிற்சாலையிலிருந்து லிஸ்பெத் வந்தாள். முப்பது வயசு, சிவப்பு மூக்குக்கண்ணாடி, ஓயாத வாய். சைக்கிளை வேலியில் சாய்த்து, ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தவள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"எய்னார், நீங்க திரும்பவும் பொழைச்சுட்டீங்க! பாரிஸ்ல கேக்குறாங்க, டோக்கியோல கேக்குறாங்க. இருபது வருஷமா ஒரு நாய் சீந்தல. இப்ப எல்லாருக்கும் வெறுஞ்சுவரு வேணுமாம், அதுல வெறுந்தட்டு வேணுமாம்."

"எதைச் சொல்றே?"

"எதையா? உங்க பாரோமீட்டரைத்தான்! மறுபடியும் போடப் போறோம். அச்சு அசல் அதே. ஒரு கோட்டைக்கூடத் தொடல. நீங்க இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

காகிதங்களோடு ஒரு சின்னப் புத்தகத்தையும் மேஜையில் வைத்தாள். பளபளவென்ற அட்டை முழுக்க பாரோமீட்டரின் படம். இரண்டு முள்களும் ஒன்றாகி ஒரே கோடாக நின்றன. கீழே ஒரு வரி: 'இரண்டும் ஒன்றாகும்போது வீடு அமைதியாகிறது.'

"நல்லா இருக்குல்ல? நீங்க சொன்னதுதான். அறுபத்தொண்ணுல ஒரு பேட்டியில."

சொன்னவர்தான். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. தலைகால் புரியாத பெருமை. எழுத்தை எல்லாம் எடுத்துவிட்டோம், இனி மனிதன் வானத்தை நேருக்கு நேர் பார்ப்பான் என்றெல்லாம் பேசித் திரிந்த காலம். எய்னார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்த லிஸ்பெத், நடையில் நின்றாள். "அட, இதுதான் அந்த மொதல் செட்டுல வந்ததா? என்ன இது, நேத்து முள்ளு எங்கயோ போய் நிக்குதே." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

"தொடாதே!"

எய்னார் போட்ட சத்தத்தில் அவள் அடுப்பில் சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள். "என்னமோ தெரியல, பிரிஞ்சு நிக்கறதைப் பார்த்தா கை தானா போகுது. சேர்த்து வெச்சிடணும்போல இருக்கு. அதுதான் உங்க கைவண்ணமே, இல்லையா?"

அவள் போய் வெகு நேரம் வரை எய்னார் நடையிலேயே நின்றார். கை தானாகப் போகிறது. ஆமாம், போகும். போகும்படிதானே அதைச் செய்தார். அவர் கையும் அப்படித்தான் போனது.

1962, நவம்பர். மேற்குக் கரையில் நோர்க்ளிட் என்ற கிராமம். மணல்மேடுகளுக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒன்று கிரெஸ்டனுடையது. எய்னார் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினார். முந்தின வருஷம் அவர் கொடுத்த பாரோமீட்டர் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், சுவரின் நல்ல இடத்தில் தொங்கியது. மூன்று தடவை வந்திருக்கிறார், மூன்று தடவையும் அதே இடத்தில்தான். மீன் வாடையும் தார் வாடையும் அடிக்கிற அந்த வீட்டில் தன் பொருள் தொங்குவதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தம்பிக்குத் தன் வேலை புரிகிறதே!

சாயங்காலம் ரேடியோவில் நாளை மத்தியானத்துக்குமேல் காற்று என்று சொன்னார்கள். கிரெஸ்டன் எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டி, நேற்றைய முள்ளை இன்றைய முள்ளோடு சேர்த்து வைத்தான். உச்சிக்கு வலப்பக்கம் இரண்டாவது கோடு.

"காலைல இது எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்த்துட்டுப் போவேன்" என்றான். "மத்தியான பஸ்ஸுக்கு நீ கிளம்பறதுக்குள்ள நல்ல காட் மீனா நாலு கொண்டாந்துடறேன். கோபன்ஹேகன்ல நீ திங்கறது மீனா? மீனோட போட்டோ!"

மறுநாள் விடியும் முன்பே எய்னாருக்கு விழிப்பு வந்துவிட்டது. முன்னறைக்கு வந்து விளக்கைப் போட்டார். பாரோமீட்டரைத் தட்டினார். இன்றைய முள் உச்சியைத் தாண்டி இடப்பக்கம் ஐந்தாவது கோட்டுக்கு இறங்கியிருந்தது. நேற்றைய முள் அங்கேயே, வலப்பக்கம் இரண்டில். நடுவில் ஏழு கோடு. கத்தரிக்கோலை விரித்து வைத்தது மாதிரி இருந்தது.

அப்படி விழுந்தால் புயல் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கே பாடம் சொன்னவர். ஆனால் அந்த நிமிஷம் அவர் கண்ணில் பட்டது காற்று இல்லை, கோணம். அடேயப்பா, என்ன நுட்பமாக வேலை செய்கிறது என்று ஒரு சிரிப்பு வந்தது. கூடவே, இப்படி விரிந்து கிடந்தால் தட்டு எவ்வளவு அலங்கோலமாக இருக்கிறது என்றும் தோன்றியது. விரல் தானாகப் போயிற்று. திருகினார். இரண்டும் ஒன்றாயின. அழகு. இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அரைத்தூக்கத்தில் மாடிப்படி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு டக், டக். பிறகு தம்பியின் குரல்: "அசையவே இல்ல. நேத்து மாதிரியே நிக்குது. நான் வர்றேன்." அடுப்படியிலிருந்து டோர்த்தியா காபி வேண்டுமா என்று கேட்டதும், வந்து குடிக்கிறேன் என்று அவன் சொன்னதும் கேட்டன. ஏதோ சொல்ல வேண்டும் என்று எய்னாருக்கு ஒரு நினைப்பு வந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். போர்வை கதகதப்பாக இருந்தது. வாசல் கதவு திறந்து மூடியது.

சின்னப் படகு. ஒற்றை ஆளாகவே மணலில் உருட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மற்ற மீனவர்கள் கரைக்கு வந்தபோது காற்று மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் படகைத் தொடவில்லை. ஒன்பது மணிக்குக் கடல் முழுக்க வெள்ளை. கவிழ்ந்த படகு மணல்திட்டில் கிடைத்தது. கிரெஸ்டன் பதினோரு நாள் கழித்து, வடக்கே எங்கோ கிடைத்தான்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது டோர்த்தியா ஒரு துண்டில் சுற்றி பாரோமீட்டரைக் கையில் கொடுத்தாள். "இது உன்னோடது. எடுத்துட்டுப் போ" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஆறு மணிக்கு இரண்டு தட்டு.

இப்போது அது ஆயிரம் வீட்டுக்குப் போகப் போகிறதாம். ஆயிரம் சுவரில் ஆயிரம் கை தானாகப் போகும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று எய்னார் யோசிக்கவே இல்லை. முதலில் டோர்த்தியாவிடம் சொல்லியாக வேண்டும். முகத்தில் காறித் துப்புவாள். துப்பட்டும். இவருக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள்தான், அவளும் இன்றோடு இல்லை என்று ஆகட்டும்.

வெள்ளிக்கிழமை பாரோமீட்டரை அதே பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். ரயில், கப்பல், மறுபடி ரயில், பிறகு பஸ். நோர்க்ளிட்டில் இறங்கியபோது மணல் முகத்தில் அறைந்தது.

பஸ் சத்தம் கேட்டு டோர்த்தியா வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். அறுபத்து மூன்று வயது. முடி முழுக்க நரைத்திருந்தது, முதுகு மட்டும் நிமிர்ந்தபடியே இருந்தது.

"வாங்க, கோபன்ஹேகன் துரை! வழி ஞாபகம் இருக்கா?"

"டோர்த்தியா, நான்..."

"ஷூவைக் கழட்டு. மண்ண உள்ள கொண்டாராதே. வருஷம் ரெண்டு கார்டு வந்துது, அதுல ஆளு உசிரோட இருக்கான்னு தெரிஞ்சுகிட்டேன். சாப்பிட்டியா?"

மேஜையில் கறுப்பு ரொட்டி, சீஸ், பிளம் ஜாம், காபி. அவளுடைய பேச்சு ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கூரைக்குப் பெயின்ட் அடித்த லட்சணம், பாதிரியாரின் புதுக் கார், எல்லாம் வந்தது. எய்னார் ரொட்டியை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், அதே ஆணியில், செதுக்கிய ஓக் மரத்தில் ஒரு பழைய பாரோமீட்டர் தொங்கியது. 'புயல்' என்ற எழுத்தில் பாதி தேய்ந்து போயிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"வாங்கறதா? அது எங்க அப்பா காலத்துலேர்ந்து அங்கதானே தொங்குது. மறந்துட்டியா?"

"இல்லையே. நான் வந்தப்ப எல்லாம் என்னோடதுதானே அங்க இருந்துது."

டோர்த்தியா சிரிக்க ஆரம்பித்தாள். வெட்கப்பட்டவள் போலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ வர்றப்ப எல்லாம் இருந்துது. நீ வர்ற அன்னிக்கு கிரெஸ்டன் இதைக் கழட்டித் துண்டுல சுத்தி, அலமாரியில படுக்கைத் துணிக்கு அடியில வெச்சிடுவான். உன்னோடதை எடுத்து மாட்டுவான். உன் பஸ்சு திரும்பினதும் மறுபடி மாத்திடுவான். 'அண்ணன் கஷ்டப்பட்டு செஞ்சது, மனசு நோகக் கூடாது'ம்பான். உன்னோடதுல அவனுக்கு ஒரு எழவும் புரியாது, பாவம். 'ரெண்டு முள்ளும் பிரிஞ்சிருந்தா காத்து, சேர்ந்திருந்தா சும்மா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்'னு சொல்லிச் சிரிப்பான்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

எய்னார் சுவரில் இருந்ததையே பார்த்தார். சேர்ந்திருந்தால் சும்மா. அன்றைக்குப் 'புயல்' என்று எழுதிய ஒன்று இந்த வீட்டிலேயே இருந்தது, படுக்கைத் துணிக்கு அடியில். இவர் வந்ததால் இருந்தது. முள்ளைத் திருகியது மட்டும்தான் தன் பாவம் என்று நினைத்திருந்தார். வந்ததே பாவம் என்று இப்போதுதான் தெரிகிறது.

"டோர்த்தியா" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அன்னிக்குக் காலைல, கிரெஸ்டன் எழுந்து வர்றதுக்கு முன்னாடி, நான்தான் அந்த முள்ளை..."

"தெரியும்."

அவள் காபிக் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"நான் பார்த்தேன். இதோ இந்தக் கதவு தொறந்துதான் இருந்துது. இருட்டுல அடுப்பு மூட்டிக்கிட்டிருந்தேன். நீ வந்து தட்டினே. நின்னு பார்த்தே. சிரிச்சே. அப்புறம் திருகினே."

"ஒண்ணும் சொல்லலியே நீ!"

"எனக்கு மட்டும் அதுல என்ன புரியும்? செஞ்சவன் சிரிக்கிறான்னா நல்ல செய்திதான்போலன்னு நெனச்சேன். அப்புறம் அவன் எறங்கி வந்தான். தட்டினான். 'அசையவே இல்ல'ன்னான்." அவள் மேஜைவிரிப்பின் ஓரத்தை விரலால் இழுத்து இழுத்து விட்டாள். "'உங்கண்ணன் இப்பத்தான் திருகி வெச்சாரு'ன்னு வாய் வரைக்கும் வந்துது, எய்னார். நீ பக்கத்து அறையில படுத்திருக்கே. சொன்னா உனக்குக் கேட்டுடும். விருந்தாளி கை வெச்சதைப் புருஷன்கிட்டப் போட்டுக் குடுக்கிறாளேன்னு நீ நெனப்பியே. வெக்கமா இருந்துது. காபி வேணுமான்னு கேட்டேன். காபி! அதைத்தான் கேட்டேன் நான்."

வெளியே காற்று ஜன்னலைத் தள்ளிப் பார்த்தது. எய்னார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"என்னை மன்னிச்சுடுன்னு சொல்ல வராதே. நீ வந்து சொல்லிடப் போறியோன்னுதான் இருபத்தோரு வருஷமா பயந்துகிட்டுக் கிடந்தேன். நீ சொன்னா நானும் சொல்லியாகணுமே. அதுக்குத்தானே அந்தச் சனியனை உன் கையில குடுத்து அனுப்பினேன். கண்ணுல படாம இருக்கட்டும்னு."

"அது அங்க வந்தும் சும்மா இல்ல" என்றார் எய்னார். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. ஆறு மணி, இரண்டு தட்டு, நிலவறை, எல்லன் போனது. திருகாமலே பிரிந்து நிற்கும் முள். "எப்பவும் ஒரே எடம். அன்னிக்குச் சாயங்காலம் அவன் வெச்ச அதே ரெண்டாவது கோடு."

டோர்த்தியாவின் முகம் வெளுத்தது. பயந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். பயம் இல்லை, கோபம்.

"அங்கயா வர்றான்?" என்றாள். "உன் வீட்டுக்கா? தெனமும் விடியக்காலைல நான் இங்க காபி போட்டு வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். 'வந்து குடிக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. அங்க வர்றானா அவன்?" அழுதாள். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. எய்னாரும் அழுதார். இரண்டு கிழங்களும் ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்து அப்படி அழுதார்கள்.

பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "குடு அதை" என்றாள்.

ஓக் மர பாரோமீட்டரைச் சுவரிலிருந்து கழற்றினாள். எய்னார் கொண்டுவந்த துண்டை உதறி, அதை அந்தத் துண்டில் சுற்றி, அலமாரியைத் திறந்து படுக்கைத் துணிக்கு அடியில் வைத்தாள். வெள்ளைத் தட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள். கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விருந்தாளி வரப்போகிற வீட்டு அவசரம் அவள் கையில் இருந்தது.

"நீ நாளைக்குக் காலை பஸ்சுக்குப் போயிடு" என்றாள். "கோவிச்சுக்காதே. நீ இருந்தா அவன் கூச்சப்படுவான்."

அன்றைக்கு எய்னார் பாதிரியார் வீட்டு விருந்தினர் அறையில்தான் தங்கினார்.

கோபன்ஹேகன் வந்த முதல் காலை எட்டரை வரை தூங்கினார். அப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாயிற்று. எழுந்தபோது வீடு வெறும் வீடாக இருந்தது. நடையில் ஆணி மட்டும் இருந்தது, அதைச் சுற்றி வட்டமாகச் சுவர் வெளுத்திருந்தது.

திங்கட்கிழமை லிஸ்பெத் வந்தாள். எய்னார் காகிதங்களில் கையெழுத்துப் போடாமல், ஒரு வரைபடத்தை அவள் முன்னால் தள்ளினார். அதே வெள்ளைத் தட்டுதான். இடப்பக்கம் ஐந்தாவது கோட்டுக்குக் கீழே மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது: புயல்.

"எழுத்தா? உங்க தட்டுலயா?" லிஸ்பெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "எய்னார், அசிங்கமா இருக்கு!"

"இருக்கட்டும்."

"பாரிஸ்காரன் ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"வாங்க வேணாம். அந்த வார்த்தை இருந்தா கையெழுத்து. இல்லேன்னா நான் செத்தப்புறம் போட்டுக்கோங்க. அந்தப் புத்தகத்துல இருக்கிற வரியையும் எடுத்துடு. அது பொய்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். எய்னாருக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அவர் மனசெல்லாம் வேறு ஒன்றில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எந்தச் சத்தமும் இல்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை எழுந்து வந்து ஆணியின் முன்னால் நின்று, விரலை மடக்கி, வெறும் சுவரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். இருபத்தொரு வருஷமாக எதைக் கண்டு நடுங்கினாரோ அது இல்லாமல் போனதும் நெஞ்சு வலித்தது. தம்பி என்று வர ஒருத்தன் இருந்தான். அவனும் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"எய்னார்? எழுப்பிட்டேனா?" டோர்த்தியா. குரலைத் தணித்துப் பேசினாள், வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி.

"இல்ல, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

"வந்துட்டான்."

எய்னார் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ரெண்டு தட்டு. அவன் தட்டுறதேதான், எனக்குத் தெரியாதா? நான் அடுப்படியில இருந்தேன். வந்து பார்த்தா நேத்து முள்ளு ரெண்டாவது கோட்டுல நிக்குது. படுக்கப் போறப்ப நான் சேர்த்துதான் வெச்சிட்டுப் போனேன்."

"இன்னொரு முள்ளு?"

"இடப்பக்கம் எறங்கிக் கெடக்கு. நல்லா விரிஞ்சு நிக்குது. இங்க காத்து கிளம்பிடுச்சு எய்னார், கூரை முனகறது உனக்குக் கேக்கலியா?"

கேட்டது. அவளுக்குப் பின்னால், தொலைபேசிக் கம்பி வழியாக, மேற்குக் காற்று இரைந்தது.

"முள்ளைத் தொட்டியா?"

"தொடல. யாரு தொடுவா இனிமே?" கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொரு கோப்பை. "சொல்லிட்டேன். முன்னறையில நின்னுகிட்டு, சத்தமாவே சொல்லிட்டேன். 'இன்னிக்குப் போகாதே, கிரெஸ்டன். உங்கண்ணன் முள்ளைத் திருகி வெச்சுட்டாரு, அதை நம்பாதே, போகாதே'ன்னேன்."

"அவன் என்ன..." என்ற எய்னார் மேற்கொண்டு கேட்க முடியாமல் நிறுத்தினார்.

"தெரியல" என்றாள் டோர்த்தியா. "காபி ஊத்தி வெச்சிருக்கேன். ஆனா அவன் கெளம்பிப் போக வாசக்கதவு தொறக்கற சத்தம் இன்னும் கேக்கல."